கானமயிலுக்கா, பனிச்சிறுத்தைக்கா, அரிட்டாபட்டிக்கா? மதுரையிலிருந்து உதவ நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"கானமயிலுக்கு ஏதாவது செய்யணும். பணத்தை யாருக்கு அனுப்புறது?" மதுரையில் பறவை பார்க்கக் கூடுகிறவர்கள் நடுவில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கானமயில் என்பது மயில் இல்லை, வறண்ட புல்வெளியில் வாழும், அழிவின் விளிம்பில் நிற்கும் பெரிய பறவை (Great Indian Bustard). கேட்பவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு, கல்லூரிப் பழைய மாணவர் குழுவின் நிதியைக் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு, குடியிருப்போர் சங்கக்காரர்களும் உண்டு. ஆண்டுக்குப் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் வரை கொடுக்க முடிகிறவர்கள். அந்த விலங்கோடு ஒரே மண்ணில் வாழும் ஊர்க்காரர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள். எந்த ஊர், எந்த விலங்கு, எந்த வழி என்று வரும்போதுதான் குழம்பி நிற்கிறார்கள்.

பேச்சில் திரும்பத் திரும்ப வரும் வழிகள் நான்கு: ராஜஸ்தானின் தார் பாலைவனம், லடாக்கின் குளிர்பாலை, ஆப்பிரிக்காவின் நமீபியா, அப்புறம் நம் பக்கத்து அரிட்டாபட்டி. கடைசியது பாலைவனம் இல்லை என்பது தெரிந்தேதான் சேர்த்திருக்கிறேன். காரணம் அதன் இடத்தில் வரும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, முடிவெடுப்பது யார்? "மக்கள் பங்கேற்புடன்" என்று எல்லா அமைப்புகளும் துண்டறிக்கையில் போட்டுக்கொள்கின்றன. ஊர்க்காரர் நாலு பேரைச் சம்பளத்துக்குக் காவல் வைப்பது ஒன்று. எந்த மேய்ச்சல் நிலத்தை எத்தனை மாதம் மூடி வைப்பது, வந்த பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று அந்த ஊரே உட்கார்ந்து தீர்மானிப்பது வேறு. நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இரண்டாவதற்குத்தான். திட்டக்காலம் முடிந்து வெளியாட்கள் மூட்டை கட்டிய பிறகும் அங்கே இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, நம் பணம் இல்லாவிட்டால் அந்த வேலை நின்றுபோகுமா? ஜெய்சல்மேர் அருகே சம் என்ற இடத்தில் 2019 முதல் கானமயில் இனப்பெருக்க மையம் நடக்கிறது. அவசியமான வேலை. ஆனால் அது அரசுப் பணத்தில் நடப்பது, நம் பத்தாயிரம் அங்கே தேவைப்படாது. அரசுப் பணம் எட்டாத இடத்தில்தான் சிறு தொகைக்கு மதிப்பு.

இவை இரண்டும் தேறிய பிறகு பார்க்க வேண்டியவை: நான்கைந்து வருடம் நம்மால் தொடர்ந்து கொடுக்க முடியுமா, நடந்ததை நேரில் போயோ ஃபோனிலோ சரிபார்க்க முடியுமா, வரி, வங்கிக் கட்டணம், பயணம் என்று வழியில் எவ்வளவு கரைகிறது.

## தார்: கானமயிலும் ஓரண்களும்

அவசரம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். 2018 வாக்கில் உலகம் முழுவதும் இருந்த கானமயில்கள் 150 அளவில்தான். பெரும்பகுதி ஜெய்சல்மேர் பக்கம். பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறுந்தரையில் இடுகிறது. நாய், நரி, காகம் என்று எது வந்தாலும் அந்த ஆண்டு போயிற்று. 15 கிலோ வரை எடை வரும் பறவை. நேர் எதிரே பார்க்கும் பார்வையும் அதற்குக் குறைவு. பறக்கும்போது மின்கம்பியைக் கடைசி நொடியில் கண்டாலும் உடம்பை வளைத்துத் தப்ப முடியாது. மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சூரிய மின்சாரம் வேண்டும், பறவையும் வேண்டும் என்ற இழுபறி இது. கமுதி சூரிய மின் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தகடுகளும் கம்பிகளும் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பி விவகாரம் நீதிமன்றத்திலும் மின்வாரியத்திலும் தீர வேண்டியது. ஊர்க்காரர்கள் கையில் இருப்பது நிலம். ராஜஸ்தானில் 'ஓரண்' என்பது தெய்வத்தின் பேரில் விடப்பட்ட காடும் புல்வெளியும். அங்கே ஆடு மாடு மேயலாம், மரத்தை வெட்டக் கூடாது. இடையப்பட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே அவர்கள் கும்பிட்டுக் காக்கும் 'கேஜ்ரி', நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அந்த மரத்தை வெட்ட வந்த அரண்மனை ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவியும் அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் சமூகத்தாருமாக 363 பேர் உயிர் விட்டார்கள்.

இன்றைக்கு ஓரண்களின் சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. பல ஓரண்கள் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றே கிடக்கின்றன. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு எப்படிக் கைமாறிப் போனதோ, அதே பாதை. தரிசு என்று எழுதியிருந்தால் நிறுவனத்துக்கு ஒதுக்குவது சுலபம். ஓரண்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி ஜெய்சல்மேர் மக்கள் நடைப்பயணம் போயிருக்கிறார்கள். 2024 டிசம்பரில், ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து காடாக அறிவிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. அளக்கிறவர் வரும்போது எல்லையைக் காட்ட ஊரில் வரைபடம், பழைய பட்டயம், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய நன்கொடையாளர்கள் வருவதில்லை, படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை. நம்மைப் போன்றவர்களின் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று காவல். கோடையில் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்புவது, முட்டை இருக்கும் இடத்துக்கு ஆட்டுக்கிடை போகாமல் கீதாரிகளிடம் பேசுவது, கம்பிக்கடியில் செத்துக் கிடக்கும் பறவையைப் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்வது, இரவில் வேட்டைக்கு வரும் வண்டியைத் துரத்துவது. தோலியா கிராமத்தைச் சேர்ந்த ராதேஷ்யாம் பிஷ்னோய் இந்த வேலையால் நாடறிந்தவர். 2025 மே மாதம் ஓர் இரவு, வேட்டைக்காரர்களைத் தடுக்கப் புறப்பட்ட வழியில் சாலை விபத்தில் இறந்துபோனார். கூடப் போன மூவரும் உயிரிழந்தார்கள். அப்படி அலைகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பணம் கொடுப்பவர் கேட்டே ஆக வேண்டும்.

மறைமுகச் செலவுகளைப் பார்ப்போம். நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு மட்டுமே. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவர்களுக்கும் கிடையாது. மதுரைக் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு: வெளிநாட்டில் இருக்கும் மகன் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் வழக்கமான வங்கி வழியே கொடுக்கலாம். அவர் அமெரிக்கக் குடிமகனாகி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தால் அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத கிராமத்துச் சிறு அமைப்பு அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். அப்பாவின் கணக்கு வழியே சுற்றிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். மொழியும் ஒரு தடை. இந்தி பேசுகிறவர் ஒருவராவது குழுவில் இருந்தால்தான் மாதம் ஒரு தடவை ஃபோனில் விசாரிக்க முடியும். நேரில் போக, மதுரையிலிருந்து பீகானேருக்கு வாராந்திர அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அங்கிருந்து ஜெய்சல்மேர் இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போனாலும் கானமயிலைப் பார்ப்போம் என்று நம்பிப் போகாதீர்கள். பார்க்க ஆசைப்பட்டு வண்டியில் நெருங்கிப் போவதே அதற்குத் தொந்தரவு.

பறவையைக் கண்ணாரப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் குளிர்காலத்தில் பலோடி அருகே கீச்சன் போகலாம். ஊரே தானியம் போட்டு உபசரிக்கும் கர்க்கரா கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். 2025இல் ராம்சர் தலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகவும், அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கொக்கு அழிவின் விளிம்பில் இல்லை. மனம் நிறையும், பணத்தின் அவசரம் அங்கே குறைவு.

## லடாக்: போய்த் தங்குவதே உதவி

குளிர்பாலை என்றாலும் பாலைதான், மழை அங்கே அரிது. 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில்.

பனிச்சிறுத்தைக்கும் ஊருக்கும் சண்டை கொட்டிலில் வருகிறது. மேலே மூடாத கொட்டிலில் குதித்துவிட்டால், வெளியேற வழி தெரியாமல் ஒரே இரவில் ஆடுகளை வரிசையாகக் கொன்றுபோடும். காலையில் ஊர் கூடி உள்ளே மாட்டிக்கொண்ட விலங்கைக் கல்லால் அடித்துக் கொன்ற காலம் உண்டு. கம்பிவலைக் கூரையும் இறுக்கமாக மூடும் கதவும் போட்டுக் கொடுத்தது அந்தச் சண்டையைக் கணிசமாகக் குறைத்தது. அதோடு 2000களின் தொடக்கத்தில் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் இதற்குப் பேர்போன ஊர். விருந்தினர்களை வீட்டுக்கு வீடு முறை வைத்து அனுப்புகிறார்கள். அதனால் சாமர்த்தியமான ஒரே வீடு மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள முடியாது. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குப் போகிறது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சுவர் முழுக்க அடுக்கிய பித்தளைப் பாத்திரங்களைப் பார்த்தபடி, மாவு உருண்டைகள் மிதக்கும் 'ஸ்க்யூ' சாப்பிடலாம். சமைத்துப் போடுகிற அம்மாவின் கையிலேயே பணம் கொடுக்கிறோம். இடைத்தரகர் இல்லை என்பதில் நான்கு வழிகளிலும் இதற்கு நிகர் இல்லை.

மறைமுகச் செலவு பயணம்தான். மதுரையிலிருந்து லே வரை விமானத்தில் போய்வரும் செலவோடு ஒப்பிட்டால், ஊர்க்காரர் கைக்குப் போய்ச் சேரும் பணம் சிறு பகுதிதான். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், ரும்பக் அதற்கும் மேலே. இறங்கியதும் இரண்டு நாளாவது லேயில் ஓய்வெடுத்து உடம்பைப் பழக்க வேண்டும், அந்த அறை வாடகையும் சேரும். இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது.

எப்படியும் லடாக் போகப் போகிறோம் என்று இருப்பவர்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக்கூடிய வழி. லே ஓட்டலில் தங்கும் நாட்களில் மூன்றை ஊர் வீட்டுக்கு மாற்றினால் போதும். பனிச்சிறுத்தைக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே புதிதாகப் பயணம் போடுவதானால் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தை அப்படியே கொட்டில் கட்ட அனுப்புங்கள்.

## நமீபியா: கேட்கவும் படிக்கவும் அருமையான மாதிரி

ஊர்மக்கள் கையில் அதிகாரம் என்ற அளவுகோலில் நமீபியாவுக்குத்தான் முதல் மதிப்பெண். 1980களிலேயே வடமேற்கில் ஊர்த்தலைவர்கள் தங்கள் ஆட்களையே காவலுக்குப் போட்டார்கள். அவர்களில் சிலர் முன்பு வேட்டையாடியவர்கள். 1996இல் வந்த சட்டத் திருத்தம், காட்டுயிரால் வரும் வருமானத்தின் மீதான உரிமையை ஊர்க் கூட்டமைப்புகளுக்குக் கொடுத்தது. 1998இல் நான்கில் தொடங்கியவை இன்று 86, நாட்டின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பாலைவனத்துக்குப் பழகிய கறுப்புக் காண்டாமிருகங்கள் வேலியில்லாத பொது நிலத்தில் நடமாடுகின்றன. ஊர்க்காரர்கள் தடம் பார்த்து நடந்துபோய், காது வெட்டையும் கொம்பின் வடிவையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள்.

சிக்கல் இரண்டு. சில கூட்டமைப்புகளின் வருமானத்தில் அனுமதி பெற்ற வேட்டையும் அடக்கம். அது சரியா தவறா என்று இங்கே இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மண்ணில் சிங்கத்திடம் மாட்டைப் பறிகொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் தெரியாமல் பணம் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. அடுத்தது, சுற்றுலாவை நம்பிய வருமானம். 2020இல் கொரோனாவில் விமானங்கள் நின்றதும் காவலர்களின் சம்பளமே ஆடிப்போனது.

இங்கிருந்து அனுப்பினால் வரிச்சலுகை கிடையாது. வங்கியில் பான் எண்ணோடு படிவம் நிரப்ப வேண்டும். வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் போகும். பத்தாயிரம் ரூபாய் அனுப்புகிறவருக்கு அந்தக் கழிவு உறுத்தும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ குடியேறிய பிள்ளைகள் அந்த நாட்டில் பதிவான அறக்கட்டளை வழியே கொடுத்தால் கணக்கு மாறும். வரிச்சலுகையும் அவர்களுக்கு அங்கேயே கிடைக்கும். மதுரையில் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## அரிட்டாபட்டி: பாலைவனம் இல்லைதான், ஆனாலும்

தார் பாலைவனத்துப் பாறையிலும் அரிட்டாபட்டிப் பாறையிலும் வாழும் ஒரு பறவை உண்டு: லகுடு வல்லூறு. வறண்ட வெளியும் பாறை உச்சியும் இருந்தால் போதும் அதற்கு. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், பேருந்திலேயே போய்விடலாம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சுமார் 250 பறவையினங்கள், எறும்புதின்னி, தேவாங்கு. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள். சமணப் படுக்கையும் தமிழி கல்வெட்டும் அந்தக் குன்றிலேயே இருக்கின்றன. அறிவித்து இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியும் அடங்கிய சுமார் 5,000 ஏக்கருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் பேரணியாக வந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. ஊர்மக்கள் முன்னெடுக்கும் பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டியும் இதே வகை. யாரும் பணம் கொடுத்து அவர்களை அப்படிச் செய்யவைக்கவில்லை.

அதனாலேயே இங்கே பணத்தைவிட ஆளும் நேரமும்தான் தேவை. ஊராட்சி அளவில் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உயிரோடு இருக்க, பறவை அடையாளம் தெரிந்தவர், தாவரம் தெரிந்தவர், மனு எழுதத் தெரிந்தவர் வேண்டும். மறைமுகச் செலவு என்று பார்த்தால், கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லூறு கூடு வைத்திருக்கும் பாறைக்கடியில் முப்பது பேர் கேமராவோடு நின்றால் அது கூட்டை விட்டுவிடும். கூட்டின் இடத்தைப் படத்தோடு பொதுவில் போடுவதும் அப்படித்தான். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு ஐந்தாறு பேராகப் போவது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | முடிவு யார் கையில் | வழியில் கரைவது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| தார் | ஓரண் ஊர்கள், உள்ளூர்ச் சிறு அமைப்புகள் | மொழித் தடை, எஃப்சிஆர்ஏ சிக்கல் | ஆண்டுதோறும் சிறு தொகை தர முடிந்தவர் |
| லடாக் | வீடுகளும் ஊர்ப் பொதுநிதியும் | விமானம், உயரத்துக்குப் பழகும் நாட்கள் | எப்படியும் பயணம் போகிறவர் |
| நமீபியா | சட்டப்படி ஊர்க் கூட்டமைப்பு | வங்கிக் கழிவு, வரிச்சலுகை இல்லை | தாங்கள் வாழும் நாட்டில் பதிவான அறக்கட்டளை வழி தரும் வெளிநாட்டுவாழ் பிள்ளைகள் |
| அரிட்டாபட்டி | ஊர், ஊராட்சி | நேரம், கூட்டத்தால் வரும் தொந்தரவு | பணம் குறைவு, ஞாயிறு உண்டு என்பவர் |

ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் உள்ள ஒரு பழைய மாணவர் குழு என்னைக் கேட்டால், முழுவதையும் தாருக்கே அனுப்பச் சொல்வேன், ஒரே அமைப்புக்கு, ஐந்து வருடத்துக்கு. நாலு இடத்துக்கும் ஆறாயிரம் ஆறாயிரமாகப் பிரிப்பது நியாயம் போலத் தோன்றும், ஆனால் எந்த ஊரும் அதை நம்பி ஒரு ஆளை வேலைக்கு வைக்க முடியாது. குழுவின் ஞாயிற்றுக்கிழமைகளை அரிட்டாபட்டிக்குக் கொடுங்கள். பள்ளி, கல்லூரி இயற்கை மன்றங்களுக்கு என் யோசனை வேறு: பணம் திரட்டவே வேண்டாம், முதல் இரண்டு வருடம் அரிட்டாபட்டியிலேயே கழியட்டும். பக்கத்து ஊரின் மேய்ச்சல் நிலம் எப்படிப் பிழைத்தது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு ஓரண் விவகாரம் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

## முதல் தவணைக்கு முன் கேட்க வேண்டியவை

வருமான வரித்துறை அமைப்புக்குத் தந்த 12ஏபி, 80ஜி பதிவுச் சான்றுகளை அனுப்பச் சொல்லுங்கள், கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகக் குழுவில் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர், பெண்கள் இருக்கிறார்களா, ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். போன வருடம் ஊர்க்கூட்டம் எடுத்து, அமைப்புக்குப் பிடிக்காமல் போன ஒரு முடிவைச் சொல்லச் சொல்லுங்கள். அப்படி ஒன்றுமே இல்லை என்றால் அங்கே முடிவெடுப்பது ஊர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். காவல் போகிறவர்களின் காப்பீட்டைக் கேட்டு, இல்லையென்றால் நம் முதல் தவணையை அதற்கே ஒதுக்கச் சொல்லலாம். பறவையின் படம் மாதாமாதம் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்காக யாராவது கூட்டுக்குப் பக்கத்தில் போவார்கள்.

தாரில் ஏப்ரலில் வெயில் ஏறிவிடும், தண்ணீர்த் தொட்டிச் செலவும் அப்போதே தொடங்கும். கானமயில் முட்டையிடும் காலமும் கோடையிலிருந்து மழைக்காலம் வரை நீளும். அதனால் சங்கத்தில் வசூலைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, பணத்தை மார்ச் 31க்குள் அனுப்பிவிடுங்கள். வரிக்கணக்குக்கும் அந்தத் தேதிதான்.